கடைசி வினைச்சொல்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று போன கடிதத்தில் நீ எழுதவே இல்லை. அண்ணியும் குட்டியும் எப்படி இருக்கிறார்கள்?

நான் அலுவலகத்தில் என்னதான் செய்கிறேன் என்று அண்ணி கேட்டதற்கு, "பரீட்சை வைக்கிற ஆபீஸ்" என்று சொல்லி முடித்துவிட்டாயாம். பாதி சரி. பரீட்சை வைப்பவர்கள் வேறு. அந்தப் பரீட்சை செல்லுமா செல்லாதா என்று சோதிப்பது நான். தேர்வில் நிறைய மதிப்பெண் வாங்குகிறவர்கள் வேலையிலும் கெட்டிக்காரர்களாக இருந்தால் அந்தத் தேர்வு செல்லும். இரண்டுக்கும் ஒட்டுறவு இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் குடிநீர் நிறுவனத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஆட்கள் குறைவு. எல்லா ஊரையும் சேர்த்தாலும் நிரந்தர பம்ப் ஆபரேட்டர்கள் பதினேழு பேர்தான். இவ்வளவு குறைந்த பேரை வைத்துக் கணக்குப் போட்டால், அன்றைக்கு ஒருவர் தலைவலியோடு வந்திருந்தால்கூட முடிவு புரண்டுவிடும். அதனால் ஒன்றுக்கொன்று ஒத்த தொழில்களை ஒரே கூட்டமாகச் சேர்த்து, அந்தக் கூட்டத்துக்கே ஒரு தேர்வை வைத்துச் சோதிப்போம். அதற்குத் 'தொழில் குடும்பம்' என்று பெயர். எந்தத் தொழில் எந்தக் குடும்பத்தில் சேரும் என்று பிரித்துக் கொடுக்கிற பொறுப்பை இந்த முறை என்னிடம் விட்டிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை.

உங்கள் பம்ப் ஆபரேட்டர்கள், கண்ட்ரோல் ரூம் ஆட்கள், மீட்டர் படிக்கிறவர்கள், பில் சரிபார்க்கிறவர்கள் ஆகியோரோடு ஒரே குடும்பத்தில் வந்திருக்கிறார்கள். மொத்தம் நூற்று நாற்பது பேர். தேர்வு செல்லும் என்று முடிவானால், பதினொரு தற்காலிக பம்ப் ஆபரேட்டர்களையும் அதை வைத்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் என் அண்ணன் என்று இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தேர்வு எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காதே. சொல்ல மாட்டேன்.

அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

அன்புத் தங்கை


மார்ச் 19

வக்கீலம்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் வாதாடியதால் வைத்த பெயர், இன்னும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. "அவளுக்கு எழுதும்போது மட்டும் என் முழங்காலை ஞாபகம் வெச்சுக்கிறீங்க" என்று சொல்லச் சொன்னாள்.

உன் கடிதத்தை ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லாருக்கும் சொன்னேன். மீட்டர் படிக்கிறவர்களும் நாங்களும் ஒரே குடும்பம் என்றதும் ஒரே சிரிப்பு. எங்களில் ஒருவனுக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடவே மாட்டான். "அப்படின்னா அவனுங்க எனக்குப் பங்காளியா, சம்பந்தியா? சம்பந்தின்னா நான் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்றான். கண்ட்ரோல் ரூமில் இருப்பவர்கள் குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருப்பதால் அவர்கள் பெண் வீட்டுக்காரர்களாம், நாங்கள்தான் மாப்பிள்ளை வீடாம். இப்படியே அரை மணி நேரம் போயிற்று.

நான் இங்கே தற்காலிகமாகச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. குட்டி பிறப்பதற்கு முன்பே வந்தவன். ஒரு தேர்வு எழுதினால் அந்த வார்த்தை போய்விடும் என்றால் எழுதிவிட்டுப் போகிறேன். உன்னிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. என் தங்கை செல்லும் என்று சொன்ன தேர்வு, அதை நான் எழுதுகிறேன் என்பதே எனக்குப் போதும். இதை இங்கே ஒருவரிடமும் நான் சொல்லிப் பீற்றிக்கொள்ளவில்லை. ரேடியோவிடம் மட்டும் சொன்னேன். அதனால் எல்லாருக்கும் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். நூற்று நாற்பது பேருக்கும் சேர்த்துப் போட்ட கணக்கில் தேர்வு செல்லும் என்றே முடிவு வந்தது. எங்கள் பிரிவுத் தலைவி யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். அறிக்கையைத் திருப்பித் தரும்போது, "நாலு எழுத்துப் பிழை இருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்றார். இங்கே இதற்கு மேல் பாராட்டு கிடையாது என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார்.

போன வாரம் உங்கள் பதினொரு பேருக்கும் தேர்வு முடிந்துவிட்டதாகத் தெரிந்தது. இனி அதைப் பற்றிப் பேசலாம். இரண்டு வரிசை எண்கள், எங்கே வேறுபடுகிறது என்று கண்டுபிடித்துக் கோடு போட வேண்டும். பன்னிரண்டு நிமிடம். உனக்கு எப்படிப் போயிற்று? விடைத்தாள்கள் எங்களிடம்தான் வருகின்றன. ஆனால் அவற்றில் பெயர் இருக்காது, வரிசை எண்தான் இருக்கும். எந்த எண் நீ என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன். பதினொன்றில் எட்டு தாள்கள் தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே விழுந்திருக்கின்றன. கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வேலைக்கு ஒத்துவராதவர்களை முன்கூட்டியே பிரித்துக் காட்டத்தானே தேர்வு.

மேலே இருக்கிற மூன்று பேரில் நீ இருப்பாய் என்று நினைக்கிறேன். சீக்கிரம் எழுது.

தங்கை


ஜூன் 6

வக்கீலம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டில் ஆள் மாற்றி ஆள் காய்ச்சல். இப்போது எல்லாருக்கும் தேவலை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சமையலறை மேல்கூரையில் ஒரு விரிசல் இருந்தது, நீ வந்தபோது பார்த்திருப்பாய். அதை நானே பூசிவிட்டேன். பூசின இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அண்ணி தினமும் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். குட்டி பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்த பிள்ளை ஒரு வயது மூத்தது என்று மூன்று நாளாக எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இங்கே மூன்றாம் நம்பர் பம்ப் போன வாரம் படுத்துவிட்டது. அதற்கு நாலு நாள் முன்பிருந்தே சரளைக்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். பேரிங் போகிறது என்று சொன்னேன். கேட்கவில்லை. "பிரஷர் முள்ளு எல்லாம் சரியாத்தான் நிக்குது" என்று சொல்லிவிட்டான். அப்புறம் பம்பைச் சுழற்றுகிற தண்டே இறுகிப்போய், ஊரில் பாதிக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. இப்போது புதுசு மாட்டியாகிவிட்டது.

வேறொன்றும் விசேஷம் இல்லை. அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அண்ணன்


ஜூன் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

காய்ச்சல் எல்லாருக்கும் முழுதாக விட்டதா? அம்மாவுக்கு எத்தனை நாள் இருந்தது? இங்கே எனக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் நம்பர் பம்ப் சத்தம் போட்டது, நீ சொன்னாய், கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். யாரிடம் சொன்னாய்? ஆபரேட்டர் நீதானே? சத்தம் வந்தவுடன் பம்பை நிறுத்துகிற பொத்தான் உன் கைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?

தேர்வைப் பற்றியும் நீ ஒரு வரி எழுதவில்லை. முடிவு உங்களுக்கு மே மாதமே வந்திருக்க வேண்டும்.

பதில் எழுது.

தங்கை


ஜூலை 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் சுகம். நான் கடிதம் எழுதி நாலைந்து வருடம் இருக்கும். தப்பு இருந்தால் திருத்திக்கொள். உன் போன கடிதம் அலமாரியில் ஒரு மாதமாக இருக்கிறது. உன் அண்ணன் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். அவர் பதில் எழுதப்போவதில்லை என்று தெரிந்துதான் நான் எழுதுகிறேன்.

அவர் அந்தத் தேர்வில் தேறவில்லை. பதினொரு பேரில் எட்டு பேர் தேறவில்லை, அந்த எட்டில் இவரும் ஒருவர். தேறாதவர்களைப் பம்ப் ஹவுஸுக்குள் விடக்கூடாது என்று உத்தரவு வந்து, சிலரை ஸ்டோருக்கும் சிலரை வாசல் காவலுக்கும் மாற்றிவிட்டார்கள். இவருக்கு வாசல். உள்ளே வருகிற வண்டி நம்பரை நோட்டில் எழுத வேண்டும், கதவைத் திறந்து மூட வேண்டும். வருகிற மார்ச் வரைக்கும் இப்படி வைத்திருப்பார்களாம். அதற்குப் பிறகு என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கே இது மூன்று வாரம் தெரியாது. தினமும் அதே கிரீஸ் கறை பிடித்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார் என்று எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் காவலாளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். "என்னங்க இது?" என்று கேட்டேன். தொப்பியைத் தொட்டுக்கொண்டு, "வெயிலுக்கு" என்றார். நான் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அவராகவே சொன்னார். உனக்கு மட்டும் எழுதக் கூடாது என்றார். "அது அவளோட முதல் வேலை. நல்லா வந்திருக்குன்னு சந்தோஷமா எழுதியிருக்கா. என்னால அது கெடக் கூடாது" என்றார்.

அந்த மூன்றாம் நம்பர் பம்ப் சத்தத்தை அவர் வாசலில் இருந்தே, சுவருக்கு வெளியே இருந்தே கண்டுபிடித்தார். உள்ளே போய்ச் சொன்னதற்கு, காவலாளி காவலைப் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் இப்போது எழுதி முடித்ததும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூலை 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணனிடம் சொல்ல மாட்டேன். இன்றே அவனுக்கும் ஒரு கடிதம் தனியாகத் தபாலில் போடுகிறேன். அதற்குப் பதில் எழுத வையுங்கள். எப்படியாவது எழுத வையுங்கள்.

உங்கள் வருத்தம் நியாயமானது.

நாத்தனார்


ஜூலை 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

அலுவலக வேலையாக ஓர் உதவி. ஒரு ஷிப்டில் பம்ப் ஆபரேட்டர் என்னென்ன செய்கிறார் என்று உன் சொந்த வார்த்தையில் எழுதி அனுப்ப முடியுமா? அழகாக எழுத வேண்டாம். ரேடியோவிடம் சொல்கிற மாதிரி எழுது. நிரந்தர ஆபரேட்டர்கள் பதினேழு பேரும் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிய படிவங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைச் சரிபார்க்க எனக்கு இன்னொரு ஆள் எழுதியது வேண்டும்.

அவசரம் இல்லை. ஆனால் எழுது.

தங்கை


ஆகஸ்ட் 9

வக்கீலம்மாவுக்கு,

எல்லாரும் சுகம். கேட்டதால் எழுதுகிறேன்.

ஆபரேட்டர் உள்ளே வந்ததும் முதலில் ஒன்றும் செய்யாமல் கதவோரமாக நின்று கேட்டுப் பார்ப்பான். நாலு பம்பும் சேர்ந்து ஒரு சத்தம் வரும். அது நேற்றைய சத்தம்தானா என்று தெரிய வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பேரிங் மேலும் கையை வைத்துத் தொட்டுப் பார்ப்பான். பத்து எண்ணும் வரை கை தாங்கினால் சரி. நாலிலேயே கையை எடுத்தால் ஏதோ இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் நுனியை மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டுப் பார்ப்பான். உள்ளே உருளை உருளுவது தனித்தனியாகக் கேட்கும். தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கயிறு கருகுகிறதா என்று முகர்ந்து பார்ப்பான். தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்ப்பான். அடித்தளத்தில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும் பாதத்துக்குத் தெரியும். வால்வைக் கால் திருகு திருகிப் பார்ப்பான், கனமாக இருக்கிறதா, லேசாக இருக்கிறதா என்று. மணிக்கு ஒரு தடவை முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவான். அது இன்ஜினியருக்காக.

இவ்வளவுதான். இதில் பெரிசாக ஒன்றும் இல்லை. பழகினால் யாருக்கும் வரும்.

அம்மா முழங்காலுக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறாள். வீடே அந்த வாசனை.

அண்ணன்


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு எல்லாம் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்டு வீட்டில் சண்டை போடாதே. உன் கடிதமே சொல்லிவிட்டது. இரண்டு பக்கத்தில் "ஆபரேட்டர் செய்வான்" என்று இருக்கிறதே தவிர, "நான்" என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

தொழில்களைக் குடும்பமாகப் பிரிக்க, ஆட்கள் எழுதிய படிவங்களில் என்னென்ன வினைச்சொற்கள் வருகின்றன என்று எண்ணினோம். கண்ணால் செய்வது எத்தனை, காதால் செய்வது எத்தனை, கையால் செய்வது எத்தனை. ஒரு வாக்கியத்தில் இரண்டு வினை வந்தால் எதை எண்ணுவது என்று குழப்பம் வந்தது. "கடைசி வினைச்சொல்லை எடு" என்று நான்தான் விதி எழுதினேன். "கேட்டுப் பார்ப்பேன்", கடைசிச் சொல் பார். கண். "தொட்டுப் பார்ப்பேன்", கண். "முகர்ந்து பார்ப்பேன்", அதுவும் கண். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி. சாப்பிட்டுப் பார் என்றால் யாராவது தட்டை உற்றுப் பார்ப்பார்களா? பேசும்போது தெரிவது எண்ணும்போது தெரியவில்லை.

பதினேழு படிவங்களையும் மறுபடி எண்ணினேன். இருநூற்று எண்பத்தெட்டு வாக்கியங்கள். நூற்று எழுபத்தாறு 'பார்' என்று முடிகின்றன. அவற்றில் உண்மையிலேயே கண்ணால் பார்ப்பது நாற்பத்தொன்று. கண்ட்ரோல் ரூம்காரர்கள் உங்களுக்கு உறவே இல்லை அண்ணா. குழாயில் கழி வைத்துக் கசிவைக் கேட்கிறவர்களும் மோட்டார் மெக்கானிக்குகளும்தான் உங்கள் சொந்தம். நூற்று நாற்பது பேரில் நீங்கள் பதினேழு பேர் கரைந்துபோய்விட்டீர்கள். மீட்டர்காரர்களுக்குச் செல்லுகிற தேர்வு, உங்களுக்கும் செல்லும் என்று நான் எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தையும் எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்டு தலைவியிடம் போனேன். கடைசிவரை படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

"ஒரு தற்காலிக ஆபரேட்டர்."

"உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"என் அண்ணன். தேறாத எட்டு பேர்ல ஒருத்தர்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். "அப்ப குறிப்போட முதல் வரியிலேயே அதை எழுது. இன்னைக்கு மறைச்சுட்டு நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிச்சா, உங்க அண்ணனுக்கு மட்டுமில்ல, அந்த எட்டு பேருக்கும் சேர்த்துக் கதவு மூடிடும்" என்றார். நான் அறையை விட்டுப் போகும்போது, "தப்பைக் கண்டுபிடிச்சதுக்கு நன்றி. நாலு மாசம் முந்திக் கண்டுபிடிச்சிருந்தா இன்னும் நன்றி" என்றார்.

எழுதிவிட்டேன். அந்தக் குறிப்பு எல்லா நிலையங்களுக்கும் போகும். உங்கள் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவார்கள். உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய்.

தங்கை


செப்டம்பர் 14

தங்கைக்கு,

சுகம். அம்மாவும் சுகம்.

பலகையில் ஒட்டினார்கள். முதல் வரியில் நான் இருக்கிறேன். ரேடியோ தேறிய மூன்று பேரில் ஒருவன், அவனுக்கு இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. காலை ஷிப்டுக்கு வந்த எல்லாருக்கும் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். அவன் கெட்டவன் இல்லை. படித்து முடித்துவிட்டு, "தங்கச்சியே பரீட்சை வெச்சும் ஃபெயிலா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மத்தியானம் ஸ்டோரில் இருக்கிறவன் வந்து, "சிபாரிசு பலமா இருக்கே, எங்களையும் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லு" என்றான். அதற்குச் சிரிக்க முடியவில்லை.

நீ செய்தது சரியாக இருக்கலாம். எனக்கு அதைப் பற்றிப் படிப்பு இல்லை. ஆனால் நான் தேறவில்லை என்பது என் வீட்டுக்குள் இருந்தது. இப்போது தெருவில் இருக்கிறது.

குட்டிக்குப் பரீட்சை. கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.

அண்ணன்


நவம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

குட்டிக்குப் பரீட்சை முடிந்து விடுமுறையே முடிந்திருக்கும். அம்மா எப்படி இருக்கிறாள்? நான் நன்றாக இருக்கிறேன்.

நீ பதில் எழுத வேண்டும் என்று இதை எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் தேர்வு பம்ப் ஆபரேட்டர்களுக்குச் செல்லாது என்று முடிவாகிவிட்டது. கசிவு கேட்கிறவர்கள் இருபத்திரண்டு பேர், மோட்டார் மெக்கானிக்குகள் நாற்பது பேர், நீங்கள் பதினேழு பேர், மொத்தம் எழுபத்தொன்பது பேரை வைத்துப் புதிய தேர்வைச் சோதித்தார்கள். காலையில் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழுதைச் சொல்ல வேண்டும். மதியம் ஓடுகிற பம்பில் செய்து காட்ட வேண்டும். இது உங்களுக்குச் செல்லும் என்று வந்திருக்கிறது.

அதைச் செய்தது நானில்லை. என்னை விடைத்தாள் அடுக்குகிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அமைதியான அறைதான், ஜன்னல் இருக்கிறது.

மற்ற ஏழு பேருக்கும் இந்த மாதமே தேர்வு நடக்கும். உனக்கு மட்டும் தனியாக. எங்கள் பிரிவைச் சேர்ந்த யாரும் உனக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பதால் வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருக்கிறார்கள். டிசம்பர் ஆகலாம். நான் உண்மையைச் சொன்னதால் நீ மற்றவர்களைவிட ஒரு மாதம் அதிகமாக வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது. இதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

உன் தங்கை


டிசம்பர் 12

வக்கீலம்மாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அந்த அறையில் குளிர் அதிகமா? சால்வை எடுத்துக்கொண்டு போகிறாயா?

மற்ற ஏழு பேரில் ஆறு பேர் தேறி உள்ளே போய்விட்டார்கள். ஸ்டோரில் இருந்தவனும் போய்விட்டான். போகிற அன்று என்னிடம் வந்து, என் தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை நடந்தது. வந்தவர் ஐம்பது வயதுப் பெண். சிரிக்கவே இல்லை. காலையில் ஒலிப்பதிவு, முப்பது ஒலிகள். இருபத்தேழு சரி. மதியம் பம்ப் ஹவுஸ். ஏழு மாதம் கழித்து உள்ளே காலெடுத்து வைத்தேன். மூன்று பம்பில் இன்ஜினியரை வைத்து ஒவ்வொரு பழுது செய்து வைத்திருந்தார்கள். மூன்றில் இரண்டு கண்டுபிடித்தால் தேர்ச்சி. முதல் பம்பில் பேரிங், கை வைத்ததும் சொல்லிவிட்டேன். இரண்டாவதில் போல்ட் தளர்ச்சி. மூன்றாவதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒன்றும் தெரியவில்லை. இதில் பழுது இல்லை என்றேன்.

"முள்ளு எங்க நிக்குது?" என்று கேட்டார்.

"நடுவுல."

"கிட்டப் போய்ப் பாருங்க."

மூக்கு இடிக்கிற அளவுக்குப் போனேன். முள் கீழே கிடந்தது. பம்ப் நன்றாகத்தான் ஓடியது, முள்ளை மட்டும் அவர்கள் கெடுத்து வைத்திருந்தார்கள்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றார். அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. இரண்டு வருடமாகப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. நோட்டில் நான் எழுதின அளவெல்லாம் பாதி முள்ளைப் பார்த்து எழுதினது, பாதி சத்தத்தை வைத்து எழுதினது. தற்காலிக ஆளுக்குக் கண்ணும் சரியில்லை என்று தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை. ஏப்ரலில் அந்த எண்களைக் கொடுத்தபோது இரண்டு வரிசையும் எறும்பு மாதிரி ஊர்ந்தன. பாதிக்கு மேல் குருட்டாம்போக்கில் கோடு போட்டேன்.

அதனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ உன் கணக்கு தப்பு என்று எழுதினாய். மற்றவர்களுக்கு அது தப்புதான், அவர்கள் உள்ளே போனதே சாட்சி. ஆனால் என்னைப் பொறுத்தவரை உன் தேர்வு கொஞ்சம் உண்மையும் சொல்லியிருக்கிறது. அதை நான் அப்போதே சொல்லியிருந்தால் நீ கணக்கைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டாய், உன்னை அந்த அறைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். மற்ற ஆறு பேரும் இன்னும் வெளியேதான் இருந்திருப்பார்கள். எது நல்லது என்று யோசித்து யோசித்து விட்டுவிட்டேன்.

தேறிவிட்டேன். ஒரு மாதத்துக்குள் கண்ணாடி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மறுநாளே போட்டுவிட்டேன். இதைக் கண்ணாடியோடுதான் எழுதுகிறேன். நீ இத்தனை நாளாக எழுதின கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். உன் எழுத்து இவ்வளவு கோணல் என்று இப்போதுதான் தெரிகிறது.

திங்கட்கிழமை காலை ஷிப்ட். கண் விஷயத்தை உன் தலைவியிடம் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லிவிடு. பலகையில் ஒட்டினாலும் பரவாயில்லை. ரேடியோ படிப்பதற்கு முன்னால் நானே படித்துவிடுகிறேன்.

அண்ணன்